லயத்து வழக்கம்

ஜெயகுமார் சார் முதல் வீட்டில் கட்டன்சாயா குடித்து டம்ளரைக் கீழே வைத்ததும் செண்பகவல்லி அதைச் சொன்னாள்.

"ஒரு வீட்ல வாய் நனைச்சா எல்லா வீட்லயும் நனைக்கணும் சார். எங்க லயத்து வழக்கம். இல்லேன்னா விட்டுப்போன வீட்டுக்கு ஆகாது."

சார் அவளைப் பார்த்தார். பிறகு லயத்தைப் பார்த்தார். ஒரே தகரக் கூரைக்குக் கீழே ஒட்டி ஒட்டிக் கட்டிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீடுகள், இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும். ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி டம்ளரோடு நின்றாள். கடைசிக்கு முந்தின வாசலில் நான்.

சார் திருவனந்தபுரத்து ஆபீசிலிருந்து வந்தவர். விதுரா வரை கார், அதற்குமேல் ஜீப், ஜீப் ஏறாத வளைவிலிருந்து நடை. பேண்டைச் சுருட்டிவிட்டு, அட்டை கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டே வந்து சேர்ந்தார். எங்களுக்குக் கட்டிய கழிப்பறைகளைப் பார்த்து, வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான்.

கழிப்பறை என்னவோ அழகுதான். நீலக் கதவு, வெள்ளை டைல்ஸ், பளபளக்கிற குழாய்.

குழாயில் தண்ணீர்தான் வராது. ஓடையிலிருந்து இழுக்க வேண்டிய பைப்பைக் காண்டிராக்டர் இழுக்கவே இல்லை.

முன்பு வந்த ஆபீசர் கதவைப் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். இவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் காண்டிராக்டர் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டான். நாங்கள் பழையபடி, யானைக்கும் அட்டைக்கும் பயந்து தேயிலைக்குள் ஒதுங்க வேண்டியதுதான்.

"சார் நம்ம ஆளுதானே. உங்களுக்குத் தெரியாத வழக்கமா?" என்றாள் செண்பகவல்லி, ரொம்பப் பவ்யமாக.

அங்கேதான் மனுஷன் மாட்டினார். பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். பிறந்ததும் படித்ததும் திருவனந்தபுரம். தமிழ் வழக்கம் ஒன்று தெரியாது என்று சொல்ல அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"அறியாம், அறியாம்... தெரியும். எங்க அம்மை ஊர்லயும் இது உண்டு, கேட்டோ. இப்போ ஆரு பாக்கா!"

சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்கு நகர்ந்தார்.

இரண்டாவது வீட்டில் சாயாவோடு அவித்த மரச்சீனிக்கிழங்கு வந்தது. அதற்கடுத்த வீட்டில் கிழங்குக்குத் தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகாய்த் துவையல். நான் அரைத்துக் கொடுத்தது. மிளகாயில் நான் கஞ்சத்தனம் பார்க்கிறதில்லை.

எலிசாள் வீட்டில் சக்கப்பழம், சுளை சுளையாக.

காண்டிராக்டரின் ஆள் அனீஷ் பின்னாலேயே வந்து, மழை வரும், சீக்கிரம் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கலாம் என்று நச்சரித்தான். வழக்கத்தைப் பாதியில் விடக்கூடாது என்று சார் அவனுக்கு உபதேசம் செய்தார்.

பாதி லயம் தாண்டியபோது அவருடைய பேச்சு குறைந்தது. அந்தக் குளிரிலும் நெற்றி வேர்த்தது. டம்ளரை வாங்கிய கை அப்படியே நின்றது.

"இங்க... டாய்லெட்?"

"புதுசே இருக்கே சார்! உங்க கையால முதல் போணி" என்றாள் செண்பகவல்லி.

நீலக் கதவு சாத்திக்கொண்டது.

நாங்கள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

உள்ளே குழாய் திருகுகிற சத்தம். மறுபடியும் ஒரு திருகல்.

கோபம் வந்தால் சாருக்கு மலையாளம்தான் வரும் என்று அப்போதுதான் தெரிந்தது.

"எடோ அனீஷே! வெள்ளம் எவிடெடோ?"

தண்ணீருக்கு அனீஷ் எங்கே போவான்? பேந்தப் பேந்த விழித்தான். செண்பகவல்லி குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குக் கிளம்பினாள். முதுகில் கொழுந்துச் சுமையோடு மேட்டில் ஓடுகிறவள் அன்றைக்கு அன்னநடை நடந்தாள்.

சார் வெளியே வந்தபோது முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. நல்ல மனுஷன். யாரையும் திட்டவில்லை.

"நீங்கல்லாம் தினமும் எப்படி..." என்று ஆரம்பித்தார்.

எலிசாள் தேயிலைக் காட்டைக் காட்டினாள்.

அனீஷ் நீட்டிய பேனாவை அவர் வாங்கவில்லை. மிச்ச வீடுகளில் மட்டும் வீட்டுக்கொரு மிடறு குடித்துவிட்டு இறங்கினார்.

அந்த மாதமே பைப் வந்தது. முதல் தடவை குழாயைத் திருகித் தண்ணீர் கொட்டினபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சார் எங்கள் வழக்கத்தை ஆபீஸ் முழுக்கப் புகழ்ந்து வைத்திருக்கிறார். இப்போது யார் வந்தாலும் முதல் வீட்டு டம்ளரை வைத்ததும் தாமாகவே அடுத்த வாசலுக்கு நகர்ந்துவிடுகிறார்கள். சாயாத்தூள் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

சாரின் அம்மை ஊரைப் பற்றி எனக்குத் தெரியாது. எங்கள் லயத்தில் அப்படியொரு வழக்கம் கிடையாது. அவர் வருவதற்கு முந்தின நாள், கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போது செண்பகவல்லி உண்டாக்கினது.

அடுத்ததாக ரோட்டைப் பார்க்க என்ஜினீயர் ஒருவர் வருகிறாராம்.

எலிசாளின் மகளைப் பிரசவத்துக்கு ஜீப் நிற்கிற வளைவு வரைக்கும் நாற்காலியில் உட்காரவைத்துத்தான் தூக்கிப் போனோம். குழிக்குக் குழி அவள் கத்தினது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

முதல் தடவை வருகிற விருந்தாளியை அந்த வளைவிலிருந்து நாற்காலியில் வைத்துத் தூக்கி வருவதும் எங்கள் லயத்து வழக்கம்தான். நேற்றிலிருந்து.

நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறோம். அதே நாற்காலி.