விலகாத வருஷம்

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அவள் மறுபடியும் பார்த்தாள்.

ரத்தம்தான்.

கூடத்தில் சரண கோஷம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் கணவனுக்கு இருமுடி கட்டுகிறார்கள். நெய்த்தேங்காய் நிறைத்தாகிவிட்டது. இனி வீட்டுப் பெண்கள் வந்து ஆளுக்கு மூன்று பிடி அரிசி போட வேண்டும். முதலில் மனைவி.

எந்நேரமும் கூப்பிடுவார்கள்.

ஒரு வருஷமாக இது வரவில்லை. வரக் கூடாது என்பதற்குத்தான் மாதாமாதம் மதுரைக்குப் போய் ஊசி. தடித்த ஊசி. அடிவயிற்றுத் தோலுக்குள் அரிசிமணி போல ஒரு மருந்தை வைத்து அனுப்புவார்கள்.

மார்பில் தொடங்கிய புற்றுக்கட்டி முதுகெலும்புக்குப் போய்விட்டிருந்தது. வெட்டி எடுத்துத் தீராது என்றார் டாக்டரம்மா. அவளுடைய சினைப்பையில் சுரப்பதைத் தின்றுதான் அந்தக் கட்டி வளர்கிறதாம். சினைப்பையைத் தூங்க வைத்தால் கட்டி பட்டினி கிடக்கும். சினைப்பை முழித்துக்கொண்டால் மாதவிலக்கு திரும்ப வரும். வந்தால் அன்றைக்கே ஓடி வாருங்கள்.

அதைக் கேட்டது இரண்டே பேர். அவளும் அவனும்.

முப்பத்தாறு வயதில் எல்லாம் நின்றுபோனது. உடம்பு நினைத்த நேரத்தில் கொதித்தது. பனியிலும் வியர்த்து ஊற்றியது. அழுதாள். பிறகு அதுவும் பழகிவிட்டது.

அவன் வருஷா வருஷம் மலைக்குப் போகிறவன். இந்த வருஷம் அவளுக்காக நேர்ந்துகொண்டான். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டான். சிகரெட்டை விட்டான், கறி மீனை விட்டான், செருப்பை விட்டான். அன்றிலிருந்து அவளுக்கும் அவன் சாமிதான்.

மற்ற வருஷங்களில் விரதத்துக்கு நடுவே விலக்கு வந்தால் இரண்டு புடவையைச் சுருட்டிக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போய்விடுவாள். இந்த வருஷம் ஒரு நாள்கூட விலகவில்லை. தினமும் அவளே விளக்கேற்றினாள். அவளே பொங்கல் வைத்தாள். அதில் இருவருக்கும் ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது.

ஊசியைத்தான் விட்டுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி என்றால் எப்போது வேண்டுமானாலும் ஒரு பிணம் எதிரே வரும். மாலை போட்டவன் அதைப் பார்க்கக் கூடாது. அவளைத் தனியாக அனுப்பவும் அவனுக்கு மனசில்லை. மலைக்குப் போய்விட்டு வந்து போட்டுக்கொள்ளலாம் என்றான்.

கார்த்திகை ஊசி போனது. மார்கழி ஊசியும் போனது.

அவளும்தான் சரி என்றாள். போன வாரம் அந்தக் கொதிப்பு தானாக அடங்கியபோது, பார்த்தாயா என்று சொல்லி அவன் சூடம் ஏற்றினான். அவளும் கும்பிட்டாள். ஊசி விட்டதால்தான் அடங்கியது என்று இருவருக்கும் தோன்றவில்லை. என்ன புத்தியோ.

இப்போது பயமாக இருந்தது.

சொன்னால் அவன் உடைந்துபோவான். சாமியே தன்னை வேண்டாமென்று திருப்பி அனுப்பியதாக நினைப்பான். சொல்லாவிட்டால் மூன்று பிடி அரிசி போட்டுச் சிரித்த முகமாக வழியனுப்பலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

ஆனால் அந்த அரிசியைத் தொட அவளுக்குக் கை வராது. அப்படி வளர்ந்தவள்.

கொல்லைப்பக்கம் போய்த் துவைகல் ஓரமாக நின்றாள்.

நாத்தனார் பேச்சியம்மா தேடிக்கொண்டு வந்தாள்.

"இங்க என்னத்தா செய்ற? அங்க சாமி காத்துக்கிட்டு இருக்காரு."

"தூரம் மதினி."

திட்டு விழும் என்று நினைத்தாள். பேச்சியம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துருச்சா? அடி ஆத்தா! அப்ப ஒடம்பு கொணமாயிருச்சுன்னுதான அர்த்தம்? நின்னுபோனது தானா வருதுன்னா சும்மாவா? மலையேறுறதுக்கு முன்னாலயே அய்யப்பன் கண்ணத் தொறந்துட்டான் பாரு!"

அவள் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் உள்ளே ஓடிவிட்டாள்.

சரணம் நின்றது. பேச்சியம்மாவின் குரல் மட்டும் கேட்டது. அப்புறம் கூடமே சரண கோஷத்தில் அதிர்ந்தது. யாரோ மணியடித்தார்கள். யாரோ சந்தோஷத்தில் விசும்பினார்கள்.

அவன் குரல் மட்டும் அதில் இல்லை. எப்போதும் முதலில் எடுத்துக்கொடுக்கிற குரல்.

அரிசியை நாத்தனார் போட்டிருப்பாள்.

அவள் சந்து வழியாகச் சுற்றி வந்து, தெருவின் எதிர்ப்பக்கம் மின்கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கினாள். இந்த நிலையில் சாமிமார் கண்ணில் படக் கூடாது.

வாசலில் தேங்காய் உடைந்தது. தலையில் இருமுடியோடு அவன் படி இறங்கினான். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் முகம் வெளுத்திருந்தது.

முடி தலையில் ஏறிய பிறகு வீட்டைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. குருசாமி அவன் தோளைப் பிடித்து, நேரே பார், நேரே பார் என்று வேன் வரைக்கும் நடத்திக்கொண்டு போனார்.

அவன் வேன் படியில் ஒரு காலை வைத்தான்.

போகட்டும் என்று நினைத்தாள். போய்விடாதே என்றும் நினைத்தாள். இரண்டும் உண்மைதான்.

அவன் காலைக் கீழே இறக்கினான்.

"சாமி, திரும்பாதீங்க!" வாசலிலிருந்து பேச்சியம்மா கத்தினாள்.

அவன் திரும்பிவிட்டான். இருமுடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வாசல், திண்ணை, சந்து என்று ஒவ்வொன்றாகத் தேடினான்.

அவள் கம்பத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து நின்றாள்.