சார் அணைத்த கல்

சிகரத்துக்கு நாற்பதடி கீழே, தன்னம்பிக்கைப் பேச்சாளர் அறவாழி பிடித்து ஏறிய கல் மலையை விட்டுக் கழன்று அவர் மார்பின்மேல் சாய்ந்தது. பலாப்பழம் அளவு. கல் உதிரும் இந்த மலையில் கல்லை இழுக்கக் கூடாது, அழுத்தித்தான் ஏற வேண்டும் என்று வழிகாட்டி சடையன் காலையிலேயே சொல்லியிருந்தான். இழுத்துப் பிடிப்பவனுக்கே வாழ்க்கை என்று முப்பது ஊர்களில் முழங்கியவருக்கு இவனா புத்தி சொல்வது?

இரு கைகளாலும் கல்லை மலையோடு சேர்த்து அணைத்தபடி நின்றார். விட்டால், நேர் கீழே வரிசையாக ஏறிவரும் பதினோரு மாணவர்களின் தலையில்தான் விழும். "கல்லு வருது, ஒதுங்குங்க" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், பக்கத்துப் பாறைக்கு அடியில் போய்விடுவார்கள். ஆனால் தப்பாகப் பிடித்தது தெரிந்துவிடுமே.

"சார் ஏன் அப்படியே நிக்கிறாரு?" என்றான் ஒருவன்.

"மலையக் கட்டிப்பிடிச்சு நன்றி சொல்றாருடா. கண்ணுல தண்ணி பாரு," என்றாள் திலகவதி, அவருடைய மூத்த மாணவி.

வரிசையின் கடைசியில் நின்ற சடையனுக்குத்தான் சந்தேகம். "சார், கல்லு கழண்டுருச்சா? வாயத் தொறந்து சொல்லுங்க."

"இல்லப்பா," என்றார் அறவாழி. "தியானம்."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்கண்ணே," என்று சடையனை அடக்கிவிட்டு, திலகவதி எல்லோரையும் சாரின் காலடிக்கு நெருங்கி வரச் சொன்னாள். பதினோரு பேரும் ஒட்டி நின்றார்கள். அவள் கைபேசியை நீட்டிப் பிடித்தாள். அறவாழியின் முழங்கைகள் கல்லோடு இன்னும் ஒரு விரற்கடை இறங்கின. முகம் மட்டும் படத்துக்குத் தயாரானது.