கோட்டை மறுபடியும் காணோம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு, இன்னும் வெளிவராத ஓர் ஆன்லைன் விளையாட்டை முன்கூட்டியே ஆடிப்பார்க்க அனுமதி கிடைத்திருந்தது. அவள் பாடுபட்டுக் கட்டிய கோட்டைக்குக் கூரை போடும் நேரம் பார்த்து சர்வர் படுத்துவிட்டது. அது எழுந்தபோது கோட்டை இருந்த இடம் வெறும் பொட்டல். அந்த வாரம் முழுக்க இதே கூத்து. கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"ஏம்மா, நீங்க வச்சிருக்கறது சர்வரா, கும்பகர்ணனா? எப்பப் பாத்தாலும் தூங்குது!"

"இது சோதனைக் கட்டம் மேடம், கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"சோதனை சர்வருக்கா, எனக்கா? அதைப் பாத்துக்கற மகராசன் எங்க? கூப்பிடுங்க, நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்!"

"அவர் இந்த வாரம் பூரா லீவு மேடம். பாவம், அவர் சம்சாரம் படுத்த படுக்கையா இருக்காங்களாம்."

அவள் குரல் சட்டென்று இறங்கியது.

"அந்தச் சம்சாரம் நான்தான். தினமும் சோறு கட்டிக் குடுத்து ஆபீசுக்கு அனுப்பிட்டிருக்கேன்."

மாலையில், "ஆபீசுல தலைக்கு மேல வேலை" என்றபடி கணவர் உள்ளே நுழைந்தார். கதவு சாத்திக்கொண்டது.

இவ்வளவையும் ஒன்றுவிடாமல் எனக்குச் சொன்னவர் அந்தக் கணவர்தான். அன்று மாலையிலிருந்து அவர் யாரிடமும் வாயே திறந்ததில்லை.