சாம்பல் படை

"என் ஆளுங்க அத்தனை பேரும் வெளுத்துப்போய் நிக்கறாங்க, பெவர்லி. ஒருத்தன் மூஞ்சியும் தெரியல."

தோட்டத்துக் கொட்டகை வாசலில் நின்று ரஸ்ஸல் போட்ட சத்தத்தில், அவன் மனைவி பெவர்லி கழுவிக்கொண்டிருந்த தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். உள்ளே மேசைமேல், விரல் உயரப் போர்வீரர்கள் வரிசை வரிசையாக வெள்ளை பூத்து நின்றார்கள்.

பேனா மூடி, பாட்டில் மூடி, களிமண் என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டி, மூன்று வருடமாக அவன் உருவாக்கிய விண்வெளிப் படை. சிவப்பாகத் தீட்டி முடித்து, கடைசியாக வார்னிஷ் ஸ்ப்ரே அடித்திருந்தான். மழை ஈரத்தில் அடித்தால் வார்னிஷ் வெள்ளை பூத்துவிடும் என்பது ஸ்டாக்போர்ட் ஊரில் இந்தப் பொம்மைப் போர் விளையாட்டு ஆடும் பொடியனுக்குக்கூடத் தெரியும். ரஸ்ஸலுக்கும் தெரியும், அவசரம் கண்ணை மறைத்துவிட்டது.

"மழை விடட்டும்னு அப்பவே சொன்னேன்ல?"

"சொன்னே தாயே, சொன்னே! இனிமே இவங்க பேச்சையே எங்கிட்ட எடுக்காதே."

சனிக்கிழமை அந்த விளையாட்டுக்காரர்களின் கிளப்பில் போட்டி. கடையில் வாங்கிய படைக்குக் கதை கூடவே வந்துவிடும். கையால் செய்த படைக்குச் செய்தவன்தான் பூர்வீகம் எழுத வேண்டும். படையைத் துணியால் மூடிவைத்துவிட்டு முதலில் கதையை வாசிப்பான், அப்புறம்தான் துணி விலகும். கதையும் படையும் பொருந்தி நின்றால் கிளப்பின் கண்ணாடி அலமாரியில் ஒரு வருடம் இடம் கிடைக்கும்.

பொருந்தாவிட்டால் நடுவர் மால்கம் எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கிவிடுவார். போன வருடம் ஒருத்தன் 'பச்சை ரத்தக்காரர்கள்' என்று எழுதிவிட்டுச் சிவப்பில் காயம் தீட்டியிருந்தான். மால்கம் கிழித்த கிழியில் அந்த ஆள் இப்போது சனிக்கிழமைகளில் மீன்பிடிக்கப் போகிறான்.

ரஸ்ஸலுக்கு இத்தனை வருடத்தில் அந்த அலமாரியில் ஓர் அங்குலம்கூடக் கிடைத்ததில்லை. செங்கடல் அரசர்களின் கதை என்று ஆசை ஆசையாய் எழுதிவைத்திருந்ததைச் சுக்குநூறாகக் கிழித்துக் குப்பையில் போட்டான். இனி இந்தப் பாழாய்ப்போன வெள்ளைக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தாக வேண்டும்.

பனிக் கிரகம் என்று ஆரம்பித்தான். வெள்ளைப் படை வைத்திருக்கும் அத்தனை சோம்பேறியும் எழுதுவது அதைத்தான். பேய்ப் படை என்று எழுதினான். பேய்க்கு எதற்குத் துப்பாக்கி என்று அவனுக்கே பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன எழுதறே? எனக்கும் சொல்லேன்" என்றாள் தேநீர் கொண்டுவந்த பெவர்லி.

"உனக்குப் புரியாது. ஆளை விடு."

அவள் கோப்பையை வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை அவனுக்குக் காது அரித்தது. அதற்கும் வழியில்லை.

"பஞ்சுக்குச்சி எங்கே போச்சு? டப்பா நிறைய இருந்துச்சே!"

"தீர்ந்துபோச்சு" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

"இந்த வீட்ல அவசரத்துக்கு ஒரு சாமான் கையில கிடைக்குதா!"

வெறுத்துப்போய்ச் சாப்பாட்டு மேசைமேல் தலையைச் சாய்த்தபோதுதான் அது வந்தது. தாய்க் கிரகம் எரிந்து அழிகிறது. தப்பிய வீரர்கள் அதன் சாம்பலை உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறார்கள். பழிதீர்க்கும்வரை கழுவுவதில்லை என்று சபதம். சாம்பலைத் துடைத்தவன் துரோகி. எழுதி முடித்தபோது ரஸ்ஸலின் கண்கள் கலங்கியிருந்தன.

சனிக்கிழமை காலை பெட்டியை மனைவியிடம் நீட்டினான். "கொட்டகையில இருக்கறவங்கள நீயே எடுத்து வை. கதை வாசிச்சு முடிக்கிறவரைக்கும் அந்த மூஞ்சிங்களப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

"அதுக்கென்ன, நான் பாத்துக்கறேன்" என்றாள் பெவர்லி உற்சாகமாக. கிளப்பிலும் அவளே படையை மேசையில் அடுக்கித் துணியால் மூடினாள். பிறகு எல்லாருக்கும் தேநீர் போடச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

ரஸ்ஸல் வாசித்தான். தாய்க் கிரகம் எரிந்தபோது கூடத்தில் பகடை உருட்டும் சத்தமெல்லாம் நின்றுபோனது. 'சாம்பலைத் துடைத்தவன் துரோகி' என்ற இடத்தில் பின்வரிசையில் ஒருத்தன் மூக்கை உறிஞ்சினான். கடைசி வரி முடிந்ததும் கைதட்டல் கூரையைத் தொட்டது.

யாரையும் பாராட்டிப் பழக்கமில்லாத மால்கம் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"யோவ் ரஸ்ஸல், இப்படி ஒரு கதையை எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்தே? அலமாரில நடுத்தட்டு உனக்குத்தான். துணியை எடு, அந்தச் சாம்பலைக் கண்ணால பாத்துடறோம்."

ரஸ்ஸல் சந்தோஷத்தில் கை நடுங்க, துணியின் நுனியைப் பிடித்தான்.

அந்த நேரம் பார்த்துத் தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தாள் பெவர்லி. அவன் கை நடுங்குவதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. தட்டை வைத்துவிட்டு வேகமாக வந்து, முகமெல்லாம் சிரிப்பாக அவன் காதோரம் குனிந்தாள்.

"பயப்படாம எடு. ஒருத்தன் விடாம எண்ணெய் தொட்டுத் துடைச்சுட்டேன், இப்ப எல்லாரும் செக்கச்செவேல்னு இருக்காங்க!"