மேடைப் படி

உடற்பயிற்சித் துறையின் ஆண்டு மாநாட்டில் அந்த வருடத்தின் சுறுசுறுப்பான மனிதர் என்ற விருது ரகுநந்தனுக்கு. அவர் பேரில் அசைவைப் பதியும் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு வருடம் முழுக்க மூட்டை தூக்கியவன் எத்திராசு. ஒரு உடம்பின் அசைவு ஒருவர் பேரில்தான் பதியும். அதனால் எத்திராசு பேரில் ஒன்றுமே ஏறவில்லை. அசையாத ஆளுக்கு இனி வேலை இல்லை என்று அவன் மூட்டை தூக்கும் கிடங்கில் பதிவைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ரகுநந்தன் விரல் வைத்தால்தான் பட்டை கழலும். அதைக் கேட்கத்தான் அவன் மாநாட்டுக்கு வந்திருந்தான்.

பேரைக் கூப்பிட்டதும் ரகுநந்தன் மேடைப் படிகளைப் பார்த்து மலைத்து நின்றார்.

"எத்திராசு, கொஞ்சம் தூக்கிவுடுப்பா."

அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு படியேறும்போதே கேட்டான். "சார், ஒரே ஒரு மாசம் என் பேர்ல ஒழைச்சுக்கிறேன் சார். இல்லன்னா வேல போயிடும்."

"அடுத்த வருஷம் பாக்கலாம்பா. நீ மெதுவா ஏறு, எனக்கு மூச்சு வாங்குது."

எத்திராசின் மணிக்கட்டில் பட்டை பச்சையாக மின்னி உரக்கப் பேசியது: "சபாஷ், ரகுநந்தன்! விடாதீங்க!"

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.