பெயர் இல்லாத பட்டியல்

தையற்காரரை மாத்திரையம்மா கடைசியாக உயிரோடு பார்த்தது, மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவில், அவள் மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்கு அவர் வந்த ஒரு நாளில்தான்.

அன்று அவர் மாத்திரை கேட்கவில்லை. கைப்பேசியை நீட்டினார்.

"தங்கச்சி, இந்த ஒரு வரியை மட்டும் எடுத்திடும்மா."

வாங்கிப் பார்த்தாள். மருத்துவமனையின் இணையப் பக்கம். யாரும் திறந்து படிக்கலாம். ஆண். வயது ஐம்பத்திரண்டு. பழைய தபால் நிலையத் தெரு. தொழில், தையல். நோய், காசம்.

"பேர் போடலையேண்ணே?"

"அந்தத் தெருவுல எத்தனை தையல்காரன் இருக்கான்? நான் ஒருத்தன்தானே! போட்டோ ஒண்ணுதான் பாக்கி."

சிரித்தார். இருமல் வந்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

"இனிமே யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரேண்ணே."

"உனக்குச் சொன்னார், எனக்குச் சொன்னார். தெருவுக்கு யாரு சொல்றது? வெட்டாத துணியை எல்லாம் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க. வெட்டின துணியை யாரும் கேக்கவே இல்ல. என் மூச்சு பட்டுடுச்சாம்."

அவள் அவரை மாடிக்கு அழைத்துப் போனாள்.

மாடியில் புள்ளிவிவர அதிகாரி. 'எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கணும்' என்று நாளுக்கு நாலு தடவையாவது சொல்வதால், கீழே அவருக்குக் கண்ணாடி என்றே பெயர். நல்ல மனிதர் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். அவர் வெளியிட்ட பட்டியலால்தான் கல்லுடைக்கும் பட்டறைக்கு முகக்கவசம் வந்தது.

"உக்காருங்க ஐயா," என்றார். "இது உங்களைக் காட்டிக்கொடுக்கிறதுக்கு இல்ல. எந்தத் தெருவுல, எந்தத் தொழில்ல நோய் அதிகம்னு ஜனங்களே பார்க்கணும். மூடி மூடி வெச்சுத்தான் இது இவ்வளவு வளர்ந்துச்சு."

"நியாயந்தான் சார். என் ஒரு வரி போனா என்ன குடியா முழுகிடும்?"

"இன்னிக்கு உங்களுக்கு எடுத்தா நாளைக்கு இன்னொருத்தர் வருவார். ஓட்டை விழுந்த பட்டியலை யார் நம்புவா? என் அப்பாவா இருந்தாலும் எடுக்க மாட்டேன்."

தையற்காரர் தலையை ஆட்டினார். எழுந்துகொண்டார்.

படியிறங்கும்போது அவள் சொன்னாள்: "மாத்திரை வாங்கிட்டுப் போங்கண்ணே. இன்னும் நாலு மாசம் பாக்கி இருக்கு. நடுவுல நிறுத்தினா ஆபத்து."

"இங்க நிக்கிறதை இன்னும் ரெண்டு பேர் பார்க்கணுமா? வரேம்மா."

வரவில்லை.

மூன்று தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை. மருத்துவமனை வண்டியில் ஆள் அனுப்பினாள். "வண்டியை வாசல்ல நிறுத்தாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்று கதவைச் சாத்திக்கொண்டாராம்.

அதிலிருந்து ஆறாம் மாதம் அவர் மனைவி வந்து சிகிச்சை அட்டையை ஜன்னலில் வைத்தாள்.

"போயிட்டாரும்மா. உங்ககிட்ட இதைக் கொடுக்கச் சொன்னார்."

உடனே திரும்பி நடந்தாள். ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது மாத்திரையம்மாவுக்கு.

மாடிக்குப் போனாள்.

"இப்பவாவது அந்த வரியை எடுத்திடலாமா சார்?"

"அச்சச்சோ, பாவம்," என்றார் கண்ணாடி. உண்மையாகவே வருந்தினார். "ஆனா இறப்புதாம்மா முக்கியமான தகவல். 'முடிவு'ன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல சேர்த்துடுங்க."

கீழே வந்து நோயாளிகள் பதிவேட்டைத் திறந்தாள். தையற்காரரின் எண் இருநூற்று எண்பத்தொன்பது. கணினியில், அதே வரிசையில் ஏற்றிய பட்டியலின் இருநூற்று எண்பத்தொன்பதாம் வரிக்குப் போனால், அங்கே யாரோ ஒரு பெண், பூ வியாபாரம். தையற்காரர் அதற்கு முந்தைய வரியில் இருந்தார்.

மேலே எங்கோ ஒரு வரி விடுபட்டிருக்கிறது.

தட்டச்சில் விட்டுப்போயிருக்கும் என்றுதான் நினைத்தாள். அடிக்கோலை வைத்துக்கொண்டு முதல் எண்ணிலிருந்து சரிபார்த்தாள். நூற்று முப்பத்தேழில் அடிக்கோல் நின்றது; அது பட்டியலில் இல்லை. அவள் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய வருடத்துப் பக்கம். பெண். வயது இருபத்துமூன்று. அதிகாரிகள் குடியிருப்பு. கல்லூரி மாணவி. பூரண குணம்.

தந்தை பெயர் எழுதியிருந்த இடத்தில், கண்ணாடியின் பெயர்.

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் மாடி ஏறினாள். பக்கத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தாள்.

அவர் பார்த்தார். எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணும்மா."

அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"பேர் போடாட்டி என்ன? எங்க குடியிருப்புல அந்த வயசுல காலேஜ் போற பொண்ணு அவ ஒருத்திதான். யாருன்னு தெரிஞ்சுடாதா?"

அன்று மாலை மாத்திரையம்மா கட்டத்தை நிரப்பினாள். அந்த இணையப் பக்கத்தை இன்றும் யாரும் திறந்து படிக்கலாம். ஆண். வயது ஐம்பத்திரண்டு. பழைய தபால் நிலையத் தெரு. தொழில், தையல். நோய், காசம். முடிவு, இறப்பு.