பையில் எட்டு போல்ட்

அன்று கலகெதர கராஜில் நாலு பேர் இருந்தார்கள். கராஜ்காரர் ரஸீன், பழைய டபுள் கெப் வண்டியின் சொந்தக்காரர் சண்முகநாதன், அவர் மனைவி பாலாம்பிகை, அவர் தங்கை மகன் மோகனராஜ். வண்டியையும் சேர்த்தால் ஐந்து. உடைந்த பின்பக்க அக்சிலைக் கழற்றிவிட்டு, வண்டியை ஜாக்கியின் மேல் தூக்கி நிறுத்தியிருந்தார்கள்.

சண்முகநாதனுக்கு உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனார், வந்தார், மறுபடி போனார்.

"இன்னைக்கு முடிஞ்சிருமா ரஸீன்? காலையில ஏழு மணிக்கு இவளுக்குக் கண் ஆபரேஷன்."

"முடிச்சுத் தாறேன் ஐயா. வேற மொடல் அக்சில்தான் கிடைச்சிச்சு. ஆனா பொருந்தி உட்காருது."

"ஆபரேஷனுக்கு இது மூணாவது தேதி," என்றார் பாலாம்பிகை, கதிரையில் இருந்தபடி.

"மத்த ரெண்டுக்கும் என்னம்மா நடந்திச்சு?" என்றார் ரஸீன்.

"முதல் தடவை போற வழியில யாரோட வேனோ சேத்துல. இழுத்துவிட்டுட்டுப் போறதுக்குள்ள என் முறை போயிருச்சு. ரெண்டாவது தடவை யாருக்கோ மலைக்கு மேல அலுமாரி ஏத்தப் போயிட்டாரு."

"கேக்கிறாங்களே, எப்படி இல்லைங்கிறது?" என்றார் சண்முகநாதன்.

"வண்டி ரிப்பேர்னு ஒரு பொய்யைச் சொல்றது மாமா," என்றான் மோகனராஜ்.

"இல்லாததைச் சொல்ல எனக்கு வராதுடா."

அந்நேரம் பார்த்து அவர் போன் அடித்தது.

"நாளைக்கா? காலையிலயா? ஃபிரிட்ஜா..." சண்முகநாதன் மனைவியின் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். "சரி தம்பி... பாக்கிறேன்."

பாலாம்பிகை மடியிலிருந்த ஆஸ்பத்திரி ஃபைலை மூடினார்.

ரஸீன் அவரையும் பார்த்தார், இவரையும் பார்த்தார். புது அக்சிலை மாட்டிச் சக்கரத்தைப் பூட்டிவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்தார்.

"ஐயா, பின் சக்கரத்தை ஒரே ஒரு சுத்து சுத்துங்க. போதும். இப்ப முன்னால."

வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"சரிவராது ஐயா. சக்கரம் ஒரு சுத்து சுத்தினா முன் ஷாஃப்ட் நாலு சுத்துது, பின் ஷாஃப்ட் மூணரைதான். நாலு சக்கரமும் இழுக்க ஃபோர் வீல் போட்டா முன்னும் பின்னும் மல்லுக்கட்டி ஏதாவது உடையும். முன் சக்கரத்துக்கு இழுவை குடுக்கிற அந்த முன் ஷாஃப்டைக் கழட்டிர்றேன். இனி பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கும்."

மோகனராஜ் குதித்தான். "என்ன ரஸீன் நானா, வயசான மனுஷன்னு எதையாவது மாட்டிவிடப் பாக்கிறீங்களா? மாமா, ஏமாத்துறாரு! சரியான அக்சில் தேடச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை என் கடைச் சாமானெல்லாம் வத்தேகமையில மேட்டுக்கு ஏத்தணும்!"

"தேடலாம். ஒரு கிழமை, ஏழு நாள் போகும்," என்றார் ரஸீன்.

"வேணாம். இதுவே இருக்கட்டும்," என்றார் சண்முகநாதன்.

சொன்ன பிறகுதான் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது அவருக்குத் தெரிந்தது. ரஸீன் மறுபடி வண்டிக்கு அடியில் படுத்து, கழட்டியாச்சு என்று எழுந்து வந்ததும், அந்த ஃபிரிட்ஜ்காரரைக் கூப்பிட்டார். "தம்பி, இனி ஃபோர் வீல் இல்லை. கழட்டியாச்சு."

புறப்படும்போது ரஸீன் ஒரு பொலித்தீன் பையை நீட்டினார்.

"முன் ஷாஃப்ட் போல்ட். ஷாஃப்ட் என்கிட்ட ஈக்கட்டும். இதை நீங்க வச்சுக்கோங்க."

சண்முகநாதன் எண்ணினார். எட்டு. அதில் இரண்டு கொஞ்சம் நீளம். பழைய வண்டி, யாரோ மாற்றிப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தார். குனிந்து வண்டிக்கு அடியிலும் பார்த்திருப்பார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

"கள்ளன்," என்றான் மோகனராஜ், வண்டியில் ஏறும்போதே.

இரவு முழுக்க மழை. காலையில் அம்பிட்டிய வீட்டிலிருந்து பெரிய ரோட்டுக்கு ஏறும் மண் பாதை கரைந்து கிடந்தது. பாதி மேட்டில் பின் சக்கரங்கள் வழுக்கிச் சுற்றின. வண்டி ஓடைப் பக்கமாகப் பின்னுக்குச் சரிந்தது.

"ஏங்க!" என்று கதவைப் பிடித்துக்கொண்டார் பாலாம்பிகை.

சண்முகநாதன் யோசிக்கவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் கை தானாகப் போய், கியருக்குப் பக்கத்திலிருந்த ஃபோர் வீல் கம்பியை இழுத்தது.

முன் சக்கரங்கள் மண்ணைக் கவ்வின. வண்டி ஒரே மூச்சில் ரோட்டுக்கு ஏறி நின்றது. மல்லுக்கட்டும் சத்தம் இல்லை. எதுவும் உடையவில்லை.

பாலாம்பிகை அந்தக் கம்பியைப் பார்த்தார்.

"கழட்டியாச்சுன்னு சொன்னீங்க?"

"ரஸீன் அப்படித்தான் சொன்னாரு."

கம்பியைப் பழையபடி தள்ளிவிட்டு, அடியில் குனிந்து பார்க்கக் கதவைத் திறந்து ஒரு காலை மழையில் வைத்தார். எதையும் எண்ணிப் பார்க்காமல் விட்டவர் அல்ல அவர். போன் அடித்தது. மோகனராஜ்.

"மாமா, ராத்திரி முழுக்க யோசிச்சேன். அந்த ரஸீன் நானா நிஜமாவே கழட்டினாரா, இல்ல சும்மா சொல்றாரா? கொஞ்சம் அடியில குனிஞ்சு பாத்துச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை வேலை இருக்கு."

சண்முகநாதன் மனைவியைப் பார்த்தார். அவர் ஃபைலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மணி ஆறு பத்து.

வெளியே வைத்த காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினார். டாஷ்போர்டில் கிடந்த பொலித்தீன் பையைத் திறந்து, போல்ட்டுகளைப் போனுக்குள் கேட்கும்படி ஒவ்வொன்றாக உள்ளங்கையில் போட்டார். ஆறு ஒரே அளவு. இரண்டு கொஞ்சம் நீளம்.

"இந்தா, போல்ட் என் கையிலதான் இருக்குடா. எட்டு."